18:30 என்று கண்டால் நில்லுங்கள்

ஜூலை 10-ஆம் தேதிக்கு விடுப்பு கேட்டிருந்தார் உடன் வேலை பார்த்த ஒருவர். மேலாளரின் திரையில் அது ஜூலை 9 என்று வந்து நின்றது. கைதவறி அழுத்தியிருப்பார் என்று சொல்லி மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் 9. மூன்றாம் முறை அவரே 11 என்று போட்டு 10 வாங்கிக்கொண்டார். விடுப்பு கிடைத்தது, பிழை அப்படியே இருந்தது. பெருங்களத்தூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பல வருடங்களுக்கு முன், இந்தப் பாடம் எனக்கு இப்படித்தான் ஆரம்பமானது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தோம். எங்கள் அலுவலகத்து விடுப்புத் தேதிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது: 18:30.

உலகப் பொது நேரமான யூடிசியைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்கு ஜூலை 10 பிறக்கும் நள்ளிரவு, யூடிசி கணக்கில் ஜூலை 9 மாலை 6:30. திரையில் உள்ள காலண்டரில் 10-ஐத் தொட்டதும் பிரவுசர் அதை "10-ஆம் தேதி நள்ளிரவு, இந்திய நேரம்" என்று எடுத்துக்கொள்கிறது. சர்வருக்கு அனுப்பும்போது யூடிசிக்கு மாற்றி அனுப்புகிறது. மேலாளரின் திரையை எழுதியவர் அதில் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, தேதி என்று காட்டியிருந்தார். ஒரு நாள் அங்கேதான் தொலைந்தது.

புரோகிராமைத் திருத்துவது ஒரு மணி நேர வேலை. ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகளைச் சரிசெய்யத்தான் ஒரு வாரம் பிடித்தது. எல்லாத் தேதியிலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் 11 போட்டு 10 வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் கணக்கில் கூட்டினால் 11 ஆகிவிடும். ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் திருத்த முடிந்தது. வெளிநாட்டுக் கிளைகளில் இருந்தவர்களின் பதிவுகளில் 18:30 இல்லை. சில 04:00, சில 05:00, சில 16:00. அந்த மிச்ச நேரமே ஆள் எங்கே உட்கார்ந்து போட்டார் என்று சொல்லிவிட்டது. நான்கும் ஐந்தும் நியூயார்க்கின் நள்ளிரவு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. பதினாறு சிங்கப்பூரின் நள்ளிரவு. அன்றிலிருந்து டேட்டாபேஸில் நேரத்தைப் பார்த்தால் முதலில் அது எந்த ஊரின் நள்ளிரவு என்றுதான் பார்க்கிறேன்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, மகிந்திரா வேர்ல்டு சிட்டி, கிழக்கே சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று சென்னையின் இந்தத் தென்புறநகர் முழுக்க மென்பொருள் வேலை பரவிக் கிடக்கிறது. இங்கே எழுதும் கோடில் பெரும்பகுதி வேறு ஊர்க் கடிகாரத்துக்காக எழுதப்படுவது. நேரக் கணக்கு தெரியாமல் இங்கே வேலை பார்க்க முடியாது. அப்படியிருந்தும் எந்தக் கல்லூரிப் பாடத்திலும் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடத்தில் இதைக் கற்றுக்கொண்டவர் குழுவில் தனியாகத் தெரிவார். இந்தக் கட்டுரை அந்த முதல் இரண்டு வருடத்தில் இருப்பவர்களுக்கு.

கிழக்கே ஒரு பிழை, மேற்கே ஒரு பிழை

மேலே சொன்ன விடுப்புப் பிழை அமெரிக்காவில் இருப்பவர் கண்ணில் படவே படாது. நியூயார்க்கில் ஜூலை 10 நள்ளிரவு என்பது யூடிசியில் ஜூலை 10 காலை 4 மணி. பத்து எழுத்தை வெட்டினாலும் 10-தான் வரும். லண்டனில் இன்னும் மோசம்: குளிர்காலத்தில் லண்டன் நேரமும் யூடிசியும் ஒன்று, எல்லாம் சரியாக ஓடும். கோடை வந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் ஜூலை 10 நள்ளிரவு என்பது 9-ஆம் தேதி 23:00 ஆகிவிடும். டிசம்பரில் சோதித்து அனுப்பியது ஏப்ரலில் உடையும்.

இதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் உண்டு. அது நம் கண்ணில் படாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதியை மட்டும் "2025-07-10" என்று டேட் ஆப்ஜெக்ட்டுக்குக் கொடுத்தால், அதை யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதே தேதியோடு நேரத்தையும் சேர்த்து, மண்டலம் சொல்லாமல் கொடுத்தால், உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே மொழியில் இரண்டு வழக்கம். யூடிசி நள்ளிரவு நமக்குக் காலை 5:30. தேதி மாறாது, திரையில் 10 என்றே தெரியும், நாம் சரி என்று அனுப்பிவிடுவோம். நியூயார்க்கில் அது முந்தைய நாள் இரவு 8 மணி. வாடிக்கையாளரின் பிறந்த நாள் ஒரு நாள் முன்னால் போயிருக்கும். "என் மெஷின்ல சரியா வருதே" என்று நாம் சொல்வது உண்மைதான். நம் மெஷின் தாம்பரத்தில் இருக்கிறது.

ஆகவே கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவருக்கு ஒரு வகைப் பிழை மறையும், மேற்கே இருப்பவருக்கு இன்னொரு வகை. இரண்டு பக்கமும் நின்று பார்த்தால்தான் முழுமை. இதற்குச் செலவே இல்லை. குரோமின் டெவலப்பர் கருவிகளில் சென்சார்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அதில் சான் பிரான்சிஸ்கோ என்று இடத்தை மாற்றினால் பிரவுசரின் கடிகாரமும் அங்கே போய்விடும். சர்வர் பக்கம் டிஇசட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை நியூயார்க் என்று வைத்து டெஸ்ட்டுகளை ஒருமுறை ஓட்டுங்கள், பிறகு கொல்கத்தா என்று வைத்து ஒருமுறை. தேதியைத் தொடும் எந்தப் புரோகிராமையும் இந்த இரண்டு ஓட்டம் இல்லாமல் நான் அனுப்புவதில்லை.

தீர்வு எளிது. பிறந்த நாள், விடுப்பு நாள், விலைப்பட்டியல் தேதி இவற்றுக்கெல்லாம் மணி கிடையாது. நாள் மட்டும்தான். அதை டேட் ஆப்ஜெக்ட் ஆக்காதீர்கள். பத்து எழுத்துச் சரமாகவே வாங்கி, சரமாகவே அனுப்பி, டேட்டாபேஸில் டேட் என்ற வகையில் வையுங்கள். மணி இல்லாத ஒன்றுக்கு மணி ஒட்டினால்தான் மண்டலம் உள்ளே நுழைகிறது.

விடிந்தால் சனி

கிளாம்பாக்கத்தில் இரவு 12:15-க்குப் புறப்படும் பஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர் எந்தத் தேதியில் டிக்கெட் எடுக்க வேண்டும்? சனிக்கிழமைத் தேதியில். இதில் தவறி, 24 மணி நேரம் கழித்து வந்து நின்றவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். நம் பெரியவர்கள் இதற்கு ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள்: "வெள்ளி இரவு, விடிந்தால் சனி." பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில், ரயில்வேக்கு நள்ளிரவில். இரண்டு கணக்கும் ஒரே வீட்டில் புழங்கியதால் குழப்பம் வராமல் இருக்க இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். நாள் எப்போது பிறக்கிறது என்பது இயற்கை விதியாக வந்ததில்லை, ஆட்கள் கூடி எடுத்த முடிவு. புரோகிராமும் அந்த முடிவை யாரிடமாவது கேட்டு எடுக்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் யூடிசி எடுத்துக்கொள்ளும். "இன்றைய தேதி" வேண்டும் என்று டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் எழுதி முதல் பத்து எழுத்தை வெட்டும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. நம் ஊரில் அது நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை நேற்றைய தேதியைக் கொடுக்கும். பகல் ஷிப்டில் சோதிப்பவருக்கு ஒருநாளும் தெரியாது. இரவு ஷிப்டில் இருப்பவர், கேப் ஏறும் முன் தன் டைம்ஷீட்டைப் போடும்போது தெரியும். அவர் சொன்னால் "காலைல பார்த்தேனே, சரியா இருக்கே" என்பார்கள். இரவு ஷிப்ட்காரர் இப்படி ஒரு புகார் சொன்னால், தயவுசெய்து நம்புங்கள். முதலில் மணி என்ன என்று கேளுங்கள். ஐந்தரைக்கு முன்னால் என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

உள்ளூர்க் கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஜவுளிக் கடைக்கு ஐந்தரைக்கு முன் வியாபாரம் இல்லை. பால் விற்பவருக்கு அதுதான் முக்கால்வாசி வியாபாரம். தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர் கோயம்பேட்டில் சரக்கு எடுப்பது விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு. அவருடைய கொள்முதல் முந்தைய நாள் கணக்கிலும், விற்பனை இன்றைய கணக்கிலும் ஏறினால், தினமும் லாபம் தப்பாகத்தான் தெரியும். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கும் ஒரு நாள் பிசகும்.

அரை மணியால் வரும் இன்னொரு சங்கடம்: யூடிசி மணிவாரியாகக் கூட்டி வைத்த வரைபடத்தை இந்திய நேரத்தில் காட்ட முடியாது. 9 முதல் 10 மணி வரை எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால், கையில் இருப்பது 8:30 முதல் 9:30 வரைக்கான கணக்கு. அமெரிக்காவில் வடிவமைத்த பல டேஷ்போர்டுகள் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. பதினைந்து நிமிடத் துண்டுகளாகச் சேமித்தால் நமக்கும் சரிவரும், 5:45-இல் இருக்கும் நேபாளத்துக்கும் சரிவரும்.

+05:53 எங்கிருந்து வந்தது

பைத்தானில் பைட்ஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்தியவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பார்கள். ஏசியா/கொல்கத்தா என்று மண்டலம் கொடுத்தும், நேரம் +05:53 என்று வரும். சந்திப்புகள் எல்லாம் 23 நிமிடம் பிசகிவிடும். அந்த 23 நிமிடம் வரலாற்றிலிருந்து வருகிறது.

ரயிலும் தந்தியும் வருவதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தை நண்பகல் என்று வைத்துக்கொண்டது. கல்கத்தாவின் உள்ளூர் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 53 நிமிடம் முன்னால். சென்னையின் நேரம் 5 மணி 21 நிமிடம் சொச்சம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில், 1802-இல் ஜான் கோல்டிங்ஹாம் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து இந்த எண்ணுக்கு அடித்தளம் போட்டார். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் விழுந்ததால் மதராஸ் நேரம்தான் பிறகு இந்திய ரயில்வேயின் நேரமானது. 1906 ஜனவரி 1-இல் 5:30 என்ற ஒரே இந்திய நேரம் வந்தது. அதன் பிறகும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தை விடவில்லை. வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்ப் பொறிப்போடு, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருமுறை அதைப் பற்றியாவது தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியா முழுவதும் ரயில் ஓடிய கடிகாரம் நம் ஊரில் வைத்தது.

இந்த வரலாறு முழுவதும் ஒரு கோப்பில் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எக்கர்ட் பராமரித்து வரும் நேர மண்டலத் தரவுத் தொகுப்பு அது. 2011 முதல் ஐயானா அமைப்பு அதை வழங்குகிறது. உங்கள் போன், லினக்ஸ் சர்வர், ஜாவா, பைத்தான் எல்லாமே அதைத்தான் நம்பியிருக்கின்றன. கொல்கத்தா என்ற பதிவின் முதல் வரியில் இருப்பது அந்த ஊரின் பழைய சூரிய நேரம். பைட்ஸின் மண்டலத்தை நேரடியாக டேட்டைமுக்குள் கொடுத்தால் அந்த முதல் வரியை எடுத்துக்கொள்கிறது. அதற்கென்று இருக்கும் லோக்கலைஸ் வழியாகப் போனால்தான் 5:30 வரும். பைத்தான் 3.9 முதல் சோன்இன்ஃபோ என்ற சொந்த நூலகம் இருக்கிறது, அதில் இந்தச் சிக்கல் இல்லை. புதிதாக எழுதுவதற்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டலத்தை எப்போதும் இந்தத் தொகுப்பின் முழுப் பெயரால் சொல்லுங்கள். ஐஎஸ்டி என்ற மூன்று எழுத்து இந்தியாவுக்கும் பொருந்தும், இஸ்ரேலுக்கும் பொருந்தும், அயர்லாந்துக்கும் பொருந்தும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் பல பதிப்புகள், அமைப்பை மாற்றாத வரையில், ஐஎஸ்டி என்றால் இஸ்ரேல் என்றே எடுத்துக்கொள்ளும். நம் ஆள் ஐஎஸ்டி என்று எழுத, டேட்டாபேஸ் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மூன்றரை மணி நேரம் பிசகிக் காட்டும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவும் வேண்டாம்: கொல்கத்தா என்று பெயர் மாறிய பிறகும் குரோம் நெடுங்காலம் ஏசியா/கல்கத்தா என்றே சொல்லி வந்தது, ஃபயர்ஃபாக்ஸ் கொல்கத்தா என்று சொன்னது. பெயரைப் பார்த்து "இவர் இந்தியர்தானா" என்று முடிவெடுத்த கோடு ஒரு பிரவுசரில் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

ஜாதகக் கணிப்பு ஆப் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொகுப்பு வேதம் மாதிரி. உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால், 6:30-இல் ஓடின. அந்தக் காலத்தில் பிறந்த தாத்தாவின் பிறந்த நேரத்தில் 5:30-ஐக் கழித்தால் லக்கினமே மாறிப்போகும். சிங்கப்பூரில் போருக்குப் பிறகு, 1982-க்கு முன் பிறந்தவருக்கு 8 மணி கழிக்கக் கூடாது. அப்போது அங்கே 7:30. இலங்கையில் 1996 மே மாதம் 6:30-க்குப் போய், அந்த அக்டோபரில் 6:00 ஆகி, 2006 ஏப்ரலில்தான் 5:30-க்குத் திரும்பினார்கள். அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய 5:30-தான் ஓடியது. ஏசியா/கொழும்பு என்ற ஒரே பெயரால் அந்த இரண்டு கடிகாரத்தையும் பிடிக்க முடியாது. அந்தக் காலத்து வன்னிப் பதிவு ஒன்றை கம்ப்யூட்டரில் ஏற்றுபவர், எழுதியவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று விசாரித்துத்தான் ஏற்ற வேண்டும்.

நடந்ததும் வரப்போவதும்

"எல்லாவற்றையும் யூடிசியில் சேமி" என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். முக்கால் பங்கு சரி. பணம் கட்டிய நேரம், லாக்இன் ஆன நேரம், லாகில் விழுந்த பிழை எல்லாம் நடந்து முடிந்தவை, அவற்றுக்கு யூடிசிதான். போஸ்ட்கிரஸில் டைம்ஸ்டாம்ப்டிஇசட், மைசீக்குவலில் டைம்ஸ்டாம்ப். (பெயரில் டிஇசட் இருந்தாலும் போஸ்ட்கிரஸ் மண்டலத்தைச் சேமிப்பதில்லை, யூடிசிக்கு மாற்றித்தான் வைக்கிறது. இது தெரியாமல் குழம்பியவர்கள் பலர்.)

வரப்போவது வேறு. பெய்ரூட்டில் ஒரு மருத்துவரிடம் மார்ச் 28 காலை 10 மணிக்கு முன்பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யூடிசியாக மாற்றி வைத்துவிட்டீர்கள். 2023-இல் லெபனான் அரசு, கடிகாரம் மாற வேண்டிய ஞாயிறுக்குச் சில நாள் முன்னால், ரமலானை ஒட்டி அதைத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. ஒரு சாரார் ஏற்கவில்லை. சில நாள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது; பிறகு முடிவை மாற்றிக்கொண்டார்கள். மருத்துவர் தன் சுவர்க் கடிகாரத்தில் பத்து மணிக்குத்தான் உட்காருவார். நீங்கள் சேமித்த யூடிசி எண் மட்டும் பழைய விதியின்படி நிற்கும். ஆகவே வருங்காலச் சந்திப்புக்கு உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்த்து வையுங்கள். யூடிசியை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கஜகஸ்தான் 2024 மார்ச்சில் நாடு முழுவதையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தது. மெக்சிகோ 2022-இல் கோடை நேரத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. சர்வரில் அந்தத் தரவுத் தொகுப்பைப் புதுப்பிப்பதும் ஒரு வேலை. உங்கள் குழுவில் அது யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் யாரும் இல்லை.

வங்கி, காப்பீட்டுத் திட்டங்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மைசீக்குவலின் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது. நம் நேரத்தில் அன்று காலை 8:44. இன்று வாங்கும் 20 வருட வீட்டுக்கடனின் கடைசித் தவணை அதற்கு அப்பால் இருக்கிறது.

மார்ச்சும் நவம்பரும்

நாம் வாழ்ந்து பார்க்காத ஒன்றைக் கோடில் எழுதுவது கடினம். போர்க்காலத்தைத் தவிர இந்தியாவில் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளியதில்லை. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுக்கிறார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். மார்ச் மாற்றத்தில் நியூயார்க்கில் அதிகாலை 2:30 என்ற நேரமே இருக்காது. நவம்பரில் 1:30 இரண்டு முறை வரும். நியூயார்க் நேரத்தில் 2:30-க்கு ஓடும்படி வைத்த ஜாப் ஒரு நாள் காணாமல் போகலாம், 1:30-க்கு வைத்தது இரண்டு முறை ஓடிச் சம்பளம் இரட்டிப்பாகப் போகலாம். கிரான் ஜாப்புகளை யூடிசியில் வையுங்கள். மும்பையில் இருக்கும் கிளவுட் சர்வராக இருந்தாலும் அதன் கடிகாரம் பொதுவாக யூடிசிதான். காலை 9 மணிக்கு ஓட வேண்டியதற்கு 03:30 என்று எழுத வேண்டும்.

நியூயார்க் காலை 9 மணிக் கூட்டம் நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் இரவு 7:30. மார்ச்சில் அந்தத் திங்கட்கிழமை கூட்டம் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். கேப் ஓட்டுநர்கள் இதை நம்மைவிட முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். "சார், யூஎஸ் டைம் மாறுதே, திங்கள்ல இருந்து பிக்கப் ஒரு மணி முன்னாடிதானே?" என்று வெள்ளிக்கிழமையே கேட்ட ஓட்டுநரை எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் குழுவில் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

லண்டனும் சேர்ந்த கூட்டம் என்றால் சிக்கல் கூடும். மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஐந்துக்குப் பதிலாக நான்கு மணி நேர வித்தியாசம்தான். கூட்டத்தை உருவாக்கும்போதே எந்த ஊர்க் கடிகாரம் அசையாது என்று எல்லோரிடமும் பேசி முடிவெடுத்து, அந்த ஊரின் மண்டலத்தில் பதிவு செய்யுங்கள். மின்னஞ்சலில் ஈஎஸ்டி என்று எழுதாதீர்கள். ஜூலை மாதத்தில் நியூயார்க் நேரம் அந்த எழுத்துகள் குறிப்பது அல்ல. "நியூயார்க் நேரம் காலை 9, இந்திய நேரம் மாலை 6:30, யூடிசி 13:00" என்று மூன்றையும் எழுத அரை நிமிடம்தான் ஆகும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

இரண்டு வருட அனுபவம் உள்ளவர்களை நேர்முகம் காணும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்று: "பயனர் ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கிறார். டேட்டாபேஸில் எப்படி வைப்பீர்கள்?" உடனே யூடிசி என்று பதில் சொல்பவருக்கு அரை மதிப்பெண். "அது நாளா, நேரமா? நடந்ததா, வரப்போவதா? யாருடைய ஊர்க் கணக்கு?" என்று திருப்பிக் கேட்பவரைத்தான் தேடுகிறேன். ரெஸ்யூமேயில் நூலகப் பெயர்களை அடுக்குவதைவிட, நீங்கள் கண்டுபிடித்த ஒரு தேதிப் பிழையை மூன்று வரியில் எழுதுங்கள். எங்கே விழுந்தது, ஏன் சோதனையில் தப்பியது, பழைய பதிவுகளை எப்படித் திருத்தினீர்கள். அந்த மூன்று வரியைப் பற்றிப் பேசவே அரை மணி நேரம் போய்விடும்.

நூலகங்களைப் பொறுத்தவரை, மொமென்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை எழுதியவர்களே 2020-இல் அதைப் புதிய வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பழைய புராஜெக்டில் இருந்தால் பராமரியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு டெம்போரல் என்ற புதிய வசதி பிரவுசர்களில் வர ஆரம்பித்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2025-இல் கொண்டுவந்தது. நாள், சுவர்க் கடிகார நேரம், உலகத்துக்குப் பொதுவான கணம் என்று மூன்றையும் அது தனித்தனி வகையாக வைத்திருக்கிறது. இன்றே வேலையில் பயன்படுத்த முடியாவிட்டாலும் அதன் கையேட்டைப் படியுங்கள். ஜாவாக்காரர்களுக்கு 2014-இல் ஜாவா 8 வந்தபோதே இது கிடைத்துவிட்டது. இன்னும் பழைய டேட்டையும் சிம்பிள்டேட்ஃபார்மேட்டையும் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் இல்லை.

மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் இரவில் லாக் பார்க்கும்போது கை கொடுக்கும். யூடிசி 18:30 நம் நள்ளிரவு. 03:30 நம் காலை 9. 12:30 நம் மாலை 6. கூடவே ஒன்று: திரையில் 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று வந்தால் அங்கே நேரமே இல்லை, பூஜ்யம் இருக்கிறது என்று பொருள். கம்ப்யூட்டரின் கணக்கு தொடங்கும் கணம் நமக்கு அப்படித்தான் தெரியும்.

இன்று அலுவலகம் போனதும், உங்கள் குழுவின் டேட்டாபேஸில் தேதி உள்ள ஒரு டேபிளைத் திறந்து 18:30 என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் திருத்துவதற்கு முன், அந்தத் தேதிகளைப் போட்டவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் உண்மையில் எந்த நாளைக் கேட்டார் என்று விசாரியுங்கள்.